மக்ரூன் உடைத்த டாக்டரம்மா

அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்னைக் கைபேசியில் கூப்பிட்டு, "நல்லா எழுதியிருக்க தம்பி, ரெண்டாவது பத்தியிலேயே தூக்கம் வந்துட்டு" என்பார். தூத்துக்குடியில் பித்தப்பை, குடல்வால், குடலிறக்கம் என்று வயிற்றுக்குள் எது கெட்டாலும் அப்போது அவரிடம்தான் போவார்கள். டாக்டரம்மா ஆஸ்பத்திரி என்று சொன்னால் போதும், ஆட்டோக்காரர் வேறு கேள்வி கேட்கமாட்டார். இத்தனைக்கும் அந்த ஆஸ்பத்திரி அவருடையதல்ல. அங்கே அவர் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். ஆஸ்பத்திரிக்குச் சொந்தக்காரரான நிர்வாகிக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

நாசரேத்தில், வாத்தியார்கள் நிறைந்த வீட்டில் பிறந்தவர். அந்த வீட்டில் பிள்ளைகளை யாரும் அடித்ததில்லையாம், சொல்லியே வளர்த்தார்களாம். "அடிச்சு வளத்திருந்தா இன்னும் கொஞ்சம் நல்லவளா வந்திருப்பேன்" என்று அவரே சொல்வார். சொல்லி வளர்க்கப்பட்டதால் சொல்லியே எல்லாரையும் வளர்க்க முடியும் என்று நம்பினார். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பிரசங்கம் நீண்டுவிட்டால், வெளியே வந்து, அங்கே ஐயர் என்று அழைக்கப்படும் போதகரின் கையைப் பிடித்துக் குலுக்கி, "ஐயரே, நல்லாத்தான் திறந்தீய. தையல் போட மறந்துட்டீய" என்பார். நோயை இணையத்தில் படித்துவிட்டு வந்த ஒருவரிடம், ஆபரேஷனையும் அங்கேயே முடித்துக்கொண்டால் தனக்கும் சோலி மிச்சம் என்றார். அந்த மனிதர் அதை ஊர் முழுக்கச் சொல்லி மகிழ்ந்தார். இதுதான் வேடிக்கை. அவரிடம் திட்டு வாங்கியவர்கள் பரிசு வாங்கியவர்களைப்போல் நடந்துகொண்டார்கள். டாக்டரம்மா தன்னை ஒன்றுமே சொல்லவில்லை என்றால்தான் நோயாளிக்குப் பயம் வந்துவிடும், நோய் முற்றிவிட்டதோ என்று.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்தது வயிற்று வலியால் அல்ல, ஆராய்ச்சியால். ஊருக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். முனைவர் பட்டத்துக்கு நான் எடுத்துக்கொண்டது ஒரு விநோதமான திரவம். எண்ணெயில் மாவைவிட நுண்ணிய இரும்புத்தூளைக் கலந்தது. சும்மா விட்டால் எண்ணெய் மாதிரி ஓடும். பக்கத்தில் காந்தத்தைக் கொண்டுவந்தால் கண் மூடித் திறப்பதற்குள் வெண்ணெயாக இறுகும். சுற்றியிருக்கும் கம்பிச்சுருளில் மின்சாரத்தைக் கூட்டக் கூட்ட இன்னும் கெட்டிப்படும், நிறுத்தினால் மறுபடி எண்ணெய். விலை உயர்ந்த கார்களில் குலுக்கல் தெரியாமல் இருக்க இதைப் பயன்படுத்துகிறார்கள். எங்கள் கல்லூரியில் விலை உயர்ந்த கார் எதுவும் இல்லாததால் நான் வேறு வேலை தேடவேண்டியிருந்தது.

வயிற்றில் சிறு துளைகள் போட்டு, நீண்ட கருவிகளை உள்ளே விட்டு, திரையைப் பார்த்துக்கொண்டே செய்கிற ஆபரேஷனில் ஒரு குறை உண்டு. டாக்டரின் விரல் உள்ளே போவதில்லை. கம்பியின் நுனியில் கவ்வியிருப்பது மிருதுவா, கெட்டியா, கிழியப்போகிறதா என்பது கைக்குச் சரியாக வந்து சேராது. கருவியை இயந்திரம் பிடித்திருக்க, டாக்டர் தள்ளி உட்கார்ந்து கைப்பிடியை அசைக்கிற புதிய முறையிலோ ஒன்றுமே வந்து சேராமல் போகலாம். நான் செய்தது அப்படியொரு கைப்பிடி. அதற்குள் ஒரு சிறு குப்பியில் என் திரவம். அங்கே இடுக்கி எதையாவது கவ்வினால், எவ்வளவு அழுத்தம் என்பதை நுனியில் இருக்கும் உணரி சொல்லும். அதற்குத் தக்கபடி இங்கே திரவம் இறுகி, கைப்பிடி டாக்டரின் விரல்களிடம் முரண்டு பிடிக்கும். காகிதத்தில் மிக நன்றாக வேலை செய்தது.

டாக்டரம்மா முழுக்கக் கேட்டார். பிறகு, இது தானாக நகர்ந்து கையைத் தள்ளிவிடுமா என்று கேட்டார். தள்ளாது, தடுக்க மட்டும்தான் தெரியும், அதுதான் இதன் பாதுகாப்பே என்று பெருமையாகச் சொன்னேன்.

"தடுக்க மட்டும் தெரியும், தானா ஒரு வேலையும் பாக்காது" என்றார். "எங்க நிர்வாகத்துல ஏற்கெனவே அப்படி ஒருத்தர் இருக்காரு. பரவால்ல, இதையும் கொண்டா."

சோதனைக்கு என்ன வைப்பது என்ற பேச்சு வந்தது. செயற்கைத் திசு வாங்கலாம், பெங்களூரில் கிடைக்கிறது என்றேன். அவர் சிஸ்டரைக் கூப்பிட்டு பேக்கரிக்கு அனுப்பினார். மக்ரூன் வந்தது. முட்டை வெள்ளைக்கருவையும் சீனியையும் முந்திரியையும் அடித்துச் சுடும் எங்கள் ஊர்ப் பண்டம், வெளியூருக்கு வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பாதியைத் தூளாகத்தான் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். இளம் டாக்டர்கள் கை பழகும் பயிற்சிப் பெட்டிக்குள் இரண்டு தட்டுகளை வைத்தார். கேமராவின் மேல் மெல்லிய துணியைப் போட்டார். திரையில் ஏதோ வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். கை சொல்வதை மட்டும் நம்பி, மக்ரூனை ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு உடையாமல் மாற்ற வேண்டும். "வீங்குன பித்தப்பையும் இப்படித்தான் இருக்கும். என்ன, பேக்கரியில கிடைக்காது" என்றார்.

அன்று என் கைப்பிடி ஒரு மக்ரூனைக்கூட முழுசாக விடவில்லை. எஞ்சினியர் தம்பி மாவு மில் வைத்திருக்கிறார் என்று ஆஸ்பத்திரி முழுக்கச் செய்தி பரவியது. காவலாளிகூட என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார்.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் போனேன். குப்பியின் மூடி கசிந்து அவருடைய வெள்ளைக் கோட்டில் கறுப்பு எண்ணெய் வழிந்தது. கப்பலில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாயா என்று வீட்டில் தன்னைக் கேட்கிறார்கள் என்றார். இரண்டு நாள் சும்மா வைத்தால் இரும்புத்தூள் அடியில் படிந்து, கைப்பிடி சொன்ன பேச்சைக் கேட்காது, குலுக்கிவிட்டால்தான் உயிர் வரும். திங்கட்கிழமைகளில் உன் எண்ணெய்க்கும் லீவு வேண்டியிருக்கிறது, நல்ல அரசாங்க உத்தியோகத்தில் சேர்த்துவிடு என்றார். ஒவ்வொரு கிண்டலும் உண்மையில் ஒரு குறைதான் என்பதால், கல்லூரிக்குத் திரும்பி வந்து அதைச் சரிசெய்வேன். என்னுடைய ஆய்வு வழிகாட்டி எனக்குச் சொன்ன உருப்படியான யோசனைகள் எல்லாவற்றையும்விட இந்த அம்மாளின் கேலி பயன்பட்டது. வழிகாட்டி இதைப் படிக்கமாட்டார் என்ற தைரியத்தில் சொல்கிறேன். அவர் என் ஆய்வேட்டையே படித்ததில்லை.

டாக்டரம்மாவின் கீழே ஒரு இளைய டாக்டர் இருந்தார். ஓட்டப்பிடாரம் பக்கத்துக்காரர். பேசவே மாட்டார். அவருக்கும் சேர்த்து அம்மா பேசிவிடுவதால் தேவைப்படவில்லை என்று நினைக்கிறேன். "ஏலே, நீ ஊமையா இல்ல புத்திசாலியாலே? ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கு" என்று ஆபரேஷன் நடுவிலேயே அவரைக் கேட்பார். அவர் "சரி மேடம்" என்பார்.

கைப்பிடி தேறிக்கொண்டு வந்தது. ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் டாக்டரம்மாவின் புகார் ஒன்றே ஒன்றாகிவிட்டது. "செத்தவன் கையைப் பிடிச்ச மாதிரி இருக்கு." மின்சாரத்தைக் கூட்டுவேன். அடுத்த வாரமும் அதே. திரவம் படிந்துவிட்டது என்று நினைத்துப் புதிதாகக் கலந்து ஊற்றினேன். கம்பிச்சுருளை மாற்றினேன். இன்னும் கூட்டு, இன்னும் கூட்டு என்பார். நடுவில், புதிதாக வந்த கையுறைகள் சாக்கு மாதிரி இருக்கின்றன என்று சிஸ்டரைத் திட்டினார். தியேட்டரில் குளிரை அதிகமாக வைத்து விரலை விறைக்க வைக்கிறார்கள் என்று ஏ.சி.காரரைத் திட்டினார். மருந்துச்சீட்டு எழுதும்போது பேனா நழுவினால் பேனாக் கம்பெனியைத் திட்டினார். இவற்றையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. தன்னைத் தவிர உலகத்தில் எல்லாமே கெட்டுக் கிடக்கிறது என்பது எப்போதும் அவர் சொல்வதுதானே.

பெங்களூரிலிருந்து மருத்துவக் கருவிக் கம்பெனியின் ஆள் ஒருவர் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. பிடித்துப்போனால் கைப்பிடியை அவர்களே எடுத்துச் செய்வார்கள். நிர்வாகி கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். தூத்துக்குடி வெயிலில் கோட்டு போட்டவரை நான் அன்றுதான் பார்த்தேன். தட்டில் மக்ரூன்கள் வந்தன. கேமராவுக்குத் துணி போட்டாயிற்று.

முதலில் இளைய டாக்டர் உட்கார்ந்தார். கைப்பிடியைப் பிடித்ததும், ரொம்ப இறுக்கமாக இருக்கிறதே என்று தயங்கிச் சொன்னார். அது டாக்டரம்மாவுக்காக வைத்திருந்த அளவு. குறைத்தேன். அவர் நிதானமாக, ஒரு மக்ரூனையும் சிதைக்காமல் தட்டு மாற்றி வைத்தார். பெங்களூர்க்காரர் கைதட்டினார். நிர்வாகியும் தட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் கால் தரையில் பாவவில்லை.

பிறகு டாக்டரம்மா உட்கார்ந்தார். முதல் மக்ரூன் தூளாயிற்று.

"மறுபடி செத்துப்போச்சு" என்றார். நான் மின்சாரத்தை அவருடைய அளவுக்கு ஏற்றினேன். அடுத்ததும் தூள். குப்பியைக் கழற்றிக் குலுக்கி மாட்டினேன். அதற்கடுத்ததும் தூள். பெங்களூர்க்காரர் தன் பையின் ஜிப்பை மெல்ல இழுத்து மூடினார். நிர்வாகி என்னைப் பார்த்த பார்வையில் நான் இனிமேல் வாசலைத் தாண்டி வர முடியாது என்பது எழுதியிருந்தது.

"ஏலே, நீ பிடி. அளவு இப்படியே இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா.

இளைய டாக்டர் பிடித்தார். இறுக்கத்தோடு மல்லுக்கட்டி, மக்ரூனை முழுசாக எடுத்து வைத்தார். வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டரம்மா மறுபடி உட்கார்ந்தார். மறுபடி தூள்.

நிர்வாகி முந்திக்கொண்டார். முப்பது வருஷக் கை பொய் சொல்லுமா, கருவிதான் ஒருநேரம் போல் ஒருநேரம் இல்லை, இதையெல்லாம் நம்பி நோயாளி மேல் வைக்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னார். பெங்களூர்க்காரர் தலையாட்டினார். டாக்டரம்மாவும் ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும். நானே நம்பியிருப்பேன்.

அவர் கையுறையைக் கழற்றினார். வலது கை விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சிஸ்டரிடம் ஒரு ஊசி கேட்டார். கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, ஆள்காட்டி விரலில் குத்து என்றார். சிஸ்டர் தயங்கினார்.

"ஏளா, குத்து."

"குத்தியாச்சு மேடம்."

டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் நின்றது.

"எந்திரம் நல்லாத்தான் இருக்கு" என்றார். "கைதான் செத்துப்போச்சு."

பெங்களூர்க்காரர் சிரித்தார். நல்ல நகைச்சுவை உணர்வு என்று நிர்வாகியிடம் சொன்னார். நிர்வாகியும் சிரித்து, மேடம் எப்போதும் இப்படித்தான் என்றார். சிரிக்காதவர்கள் நாங்கள் மூன்று பேர்தான், நான், சிஸ்டர், இளைய டாக்டர். டாக்டரம்மா ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, மறுநாள் காலை தான் செய்வதாக இருந்த பித்தப்பை ஆபரேஷனை இளைய டாக்டரிடம் கொடுத்தார். பக்கத்தில் நின்று தப்புக் கண்டுபிடிப்பது மட்டும் தன் வேலை, அதற்கு விரல் வேண்டாம் என்றார்.

மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டிருக்கிறது, கவனிக்காமல் விட்டதாலும் சர்க்கரையாலும் மோசமாகிவிட்டது என்று திருநெல்வேலியில் சொன்னார்கள். சர்க்கரையைப் பற்றி நோயாளிகளுக்கு அவர் நடத்திய பாடங்களை எல்லாம் கேட்ட சிஸ்டர் ஒன்றும் சொல்லாமல் இருந்தது அந்த ஆஸ்பத்திரியின் பெரிய கருணைச் செயல். மணிக்கட்டைத் திறந்து நரம்பை விடுவித்தார்கள். உணர்ச்சி கொஞ்சம் திரும்பும், முழுசாகத் திரும்பாது என்றார்கள். அவர் மறுபடி கத்தியைத் தொடவில்லை. வெளிநோயாளிகளைப் பார்ப்பது, வார்டைச் சுற்றி வருவது என்பதோடு நிறுத்திக்கொண்டார். கம்பெனியும் கைப்பிடியை எடுத்துக்கொள்ளவில்லை. டாக்டரின் கை நன்றாக இருக்கிறது என்று சொல்கிற கருவியை டாக்டர்கள் வாங்குவார்கள், நன்றாக இல்லை என்று சொல்கிற கருவியை யார் வாங்குவார்கள் என்று பெங்களூர்க்காரர் என்னிடம் நேர்மையாகவே கேட்டார். அவர் தன் தொழிலை நன்றாகப் படித்தவர்.

இதோடு முடிந்திருக்கலாம். டாக்டரம்மா முடிக்கவிடவில்லை. விரல் எப்போது மரத்தது என்று தனக்கே தெரியாது என்றால், கடந்த சில மாதங்களில் தான் ஆபரேஷன் செய்தவர்களை எல்லாம் கூப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்றார். நிர்வாகி அலறிவிட்டார். வழக்கு வரும், பத்திரிகை வரும், வேண்டவே வேண்டாம் என்று கும்பிட்டார். சரி, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடவில்லை, ஆட்களின் வீட்டுக்கு நானே விருந்துக்குப் போகிறேன், விருந்துக்கும் உங்களிடம் அனுமதி வாங்க வேண்டுமா என்று கேட்டார். மணிக்கட்டில் கட்டு இருந்ததால் கார் ஓட்ட முடியாது. என் பழைய காரும் நானும் அகப்பட்டோம்.

பல பேருடைய பெயர் அவருக்கு மறந்துபோயிருந்தது. வயிறு மறக்கவில்லை. கதவைத் திறந்த ஆளைப் பார்த்ததும், உங்களுக்குப் பித்தப்பை ஈரலோடு ஒட்டிக் கிடந்தது என்று ஆரம்பிப்பார்.

மில்லர்புரத்தில், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர். டாக்டரம்மா வாசலில் நிற்பதைப் பார்த்துப் பதறிப்போய் சட்டையைத் தேடி ஓடினார். காபி வந்தது, மிக்சர் வந்தது. டாக்டரம்மா அவரைப் படுக்கவைத்து இடது கையால் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். நன்றாக இருந்தது. பிறகு நேராக உட்கார்ந்து சொன்னார்.

"அண்ணாச்சி, ஒங்களுக்கு ஆபரேஷன் பண்ணும்போது என் விரல்ல உணர்ச்சி கிடையாது. எனக்கே அப்பத் தெரியாது. அதான் பாக்க வந்தேன்."

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னார். டாக்டரம்மா திரும்பச் சொன்னார். அந்த அம்மாளும் சிரித்தார். டாக்டரம்மா வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் தன் குடலிறக்கத்தோடு வந்துவிட்டார். ஆபரேஷன் செய்தால் டாக்டரம்மா கையால்தான் என்று இத்தனை நாள் தள்ளிப்போட்டு வைத்திருக்கிறாராம்.

காரில் ஏறியதும், "தமிழ்லதானே சொன்னேன்?" என்று என்னைக் கேட்டார்.

ஓட்டப்பிடாரத்தில் ஒரு மளிகைக்கடைக்காரர். அங்கே இன்னும் தெளிவாகச் சொல்லிப் பார்த்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார், குரலைத் தாழ்த்தினார், கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். அதுவே வினையாகிவிட்டது. கடுமையான முகத்தோடு கேலி பேசுவதுதான் அவருடைய பாணி என்று ஊருக்கே தெரியும். மரத்த கையே இந்தப் போடு போட்டால் நல்ல கை என்ன போடு போட்டிருக்கும் என்று கடைக்காரரின் மனைவி சொல்ல, கடையில் சாமான் வாங்க நின்றவர்கள்கூடச் சிரித்தார்கள். ஒரு கிலோ கருப்பட்டியைப் பொதிந்து கையில் திணித்தார்கள். ஆளுக்கு ஒரு ஸ்கேன் எழுதிக்கொடுத்தால் அதையும் வேடிக்கையாக வாங்கி வைத்துக்கொண்டார்கள். பெரும்பாலானவர்கள் எடுக்கவில்லை. எடுத்தவர்களுக்கும் ஒன்றும் இல்லை.

இப்படியே போயிற்று. போன வீடுகளில் எல்லாம் வயிறுகள் நன்றாக இருந்தன. கண்ணால் பார்த்தே முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் சமாளித்திருக்கிறார் என்று இளைய டாக்டர் என்னிடம் சொன்னார். ஆனால் ஒவ்வொரு வீட்டிலிருந்து வெளியே வரும்போதும் டாக்டரம்மாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. ஒரு நாள் காரில், தான் பொய் சொல்லியிருந்தாலாவது ஒருத்தர் நம்பியிருப்பார் என்றார். அதைக் கேட்டு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

கடைசியாகப் போனது குலசேகரன்பட்டினம். தசராவுக்கு வேஷம் கட்டியவர்கள் சாலையை அடைத்துக்கொண்டு மேளத்தோடு வந்ததால் காரை ஓரங்கட்டிவிட்டு நடந்தோம். கருவாட்டு வியாபாரம் செய்கிற ஒரு பெண்ணின் வீடு. நாற்பதைத் தாண்டியிருப்பார். முற்றத்தில் சாளைக் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து எழுந்தார், ஆனால் ஓடிவரவில்லை. நாற்காலியைத் தேடவில்லை. என்ன விஷயம் என்று நின்றபடியே கேட்டார்.

டாக்டரம்மா சொன்னார். எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி அந்த வாக்கியம் தேய்ந்திருந்தது. சொல்லிவிட்டு, சிரிப்புக்காகக் காத்திருப்பதுபோல் நின்றார்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. கையிலிருந்த கருவாட்டைக் கீழே வைத்தார்.

"ஆபரேஷன் முடிஞ்சு மறு மாசம் வந்தேன்லா. தொப்புளுக்குப் பக்கத்துல வலிக்குன்னு சொன்னேன். நீங்க என்ன சொன்னீய தெரியுமா?"

டாக்டரம்மாவுக்கு நினைவில்லை. தெரியவில்லை என்று தலையசைத்தார்.

"வலிச்சா உயிரோட இருக்கன்னு அர்த்தம், போய்க் கோழிக்கறி ஆக்கித் தின்னுன்னு சொன்னீய. நீங்க சிரிச்சீய. சிஸ்டர் சிரிச்சா. வெளிய உக்காந்திருந்தவுகளும் சிரிச்சாவ. நானும் சிரிச்சிட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் வலிக்குன்னு யார்கிட்டயும் சொல்லல. சொன்னா சிரிப்பாவளோன்னு."

மேளம் அந்தத் தெருவைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"இப்ப நீங்க வந்து சொல்லுதீய" என்றார் அந்தப் பெண். "நான் சிரிக்கட்டுமா?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். நாக்கு நுனிக்கு வந்த கேலியை உள்ளேயே விழுங்கினார். "சிரிக்க வேண்டாம்மா" என்றார். "பாக்கணும். எங்கூட வாங்க."

எங்களோடு வர அந்தப் பெண் சம்மதிக்கவில்லை. எங்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத் தன் தம்பியோடு பஸ்ஸில் வந்தார். ஸ்கேனில் தெரிந்தது. தொப்புளோரத் துளைக்கு அடியில் தசை சரியாகக் கூடாமல், குடலின் ஒரு மடிப்பு வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முறுக்கிக்கொண்டிருக்கும். இது எவ்வளவு நல்ல கைக்கும் சில சமயம் நேர்வதுதான், மரத்த விரலால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது என்று இளைய டாக்டர் அவரிடம் சொன்னார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நாங்கள் கேட்டதில்லை. டாக்டரம்மா அந்த ஆறுதலை வாங்கிக்கொள்ளவில்லை. விரலால் வந்ததோ இல்லையோ, வாயால் தள்ளிப்போனது என்றார்.

இளைய டாக்டர்தான் சரிசெய்தார். டாக்டரம்மா கூடவே நின்றாராம். தப்புக் கண்டுபிடிக்கவில்லை, திட்டவில்லை, தொடக்கத்திலிருந்து கடைசித் தையல் வரை ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையாம். சிஸ்டர் வெளியே வந்து, அம்மாவுக்கு உடம்பு ஏதும் சரியில்லையா என்று என்னிடம் கேட்டார்.

நிர்வாகி பயந்த வழக்கு வரவில்லை. அந்தப் பெண் போடவில்லை. போடுவேன் என்றும் சொல்லவில்லை, மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. அவருக்கு வீட்டில் காயவைத்த கருவாடு கிடந்தது, சீக்கிரம் போக வேண்டும் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் காலை டாக்டரம்மா வார்டைச் சுற்றி வந்தபோது நானும் பின்னால் இருந்தேன். மற்ற படுக்கைகளில் இருந்தவர்கள் அவரைப் பார்த்ததுமே இன்றைக்கு என்ன சொல்வார் என்று சிரிக்கத் தயாராகிக் காத்திருந்தார்கள். அந்தப் பெண் மட்டும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மா அவர் படுக்கையருகே நின்று, வலிக்கிறதா என்று கேட்டார்.

அந்தப் பெண் கூரையிலிருந்து கண்ணை எடுத்து அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு, "வலிக்கு" என்றார்.

வார்டு காத்திருந்தது. டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கன?" என்று கேட்டார்.